அலகுக்காக நிறுத்திய மாத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். முதல் பந்தியிலேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து இலையில் எங்கள் தெருக்கார அம்மா. அவர் வீட்டுக்காரருக்கு இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று போன வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எப்படி இருக்கிறார் என்று மரியாதைக்கு விசாரித்தேன்.

“நல்லா இருக்காருங்க. நாளன்னைக்குப் பாதயாத்திரை கெளம்புறாரு. கால்ல கொப்புளம் வந்து ஒடைஞ்சா ரத்தம் நிக்காதுல்ல? அதான் அந்த ரத்தம் உறையாம இருக்குறதுக்குக் குடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தி வச்சிருக்கோம். அந்த விஷயத்துல நாங்க ரொம்ப உஷாரு.”

உஷாரு!

என் கையிலிருந்த அப்பளம் நொறுங்கிப் போனது. “டாக்டர்கிட்ட கேட்டீங்களா?” என்றேன். “இதுக்கெல்லாமா கேப்பாங்க? அவரே நிறுத்திட்டாரு” என்று சொல்லிவிட்டு அவர் பாயசம் வாங்கக் கையை நீட்டினார். நான் போட்ட சத்தத்தில் பரிமாறுகிறவர் பாயச வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

விடவில்லை நான். இடது கையால் போனை எடுக்க வைத்து, டாக்டரைக் கூப்பிட வைத்து, ஸ்பீக்கரில் போட வைத்தேன். எதிர்ப்பக்கம் டாக்டர், நிறுத்தி எத்தனை நாளாச்சு என்று கேட்டார். அப்புறம், “அவரை எங்கயும் அனுப்பாதீங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க” என்றார். அந்த அம்மா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே... பாவி, பாதயாத்திரையைக் கெடுத்துவிட்டாளே என்பதுதான் அதற்கு அர்த்தம்.

“கல்யாண வீட்ல இப்படியா சண்டை போடுவீங்க?” என்று என் மகள் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். திட்டட்டும். எனக்குக் காரணம் இருக்கிறது. இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு எதையெல்லாமோ பேசியிருக்கிறேன், இதை மட்டும் பேசவில்லை. இப்போது என் தங்கை வசந்தாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள், “எழுதுக்கா, எவளாச்சும் ஒருத்தி படிச்சுத் தொலையட்டும்” என்றாள்.

வசந்தாவின் வீட்டுக்காரர் கலியபெருமாள். திருவாரூர்ப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார். உரம், விதை, பூச்சிமருந்து. அந்த வட்டாரத்தில் இலைச்சுருட்டுப் புழு வந்தாலும் குலைநோய் வந்தாலும் வேளாண்மை அதிகாரியைத் தேடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை கடைக்குத்தான் வருவார்கள். வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். “ரெண்டு மருந்தையும் ஒண்ணாக் கலந்து ஒரே வேலையா அடிச்சிரலாமா?”

மாப்பிள்ளைக்கு வருமே ஒரு கோபம்! “பயிர் பச்சப்புள்ள மாதிரிங்க. எதை எதோட கலக்கலாம், எப்ப அடிக்கலாம், எப்ப நிறுத்தலாம்னு கேட்டுட்டுச் செய்யுங்க. நீங்களா எதையும் செய்யாதீங்க.” கடைக்கு வந்தவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துத் திட்டுவார். நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு நாள் கடையில் மூட்டை இறக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. வாயுத் தொல்லை என்று சோடா குடித்தார். படபடப்பு அடங்கவில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தஞ்சாவூரில் இதய டாக்டரிடம் காட்டினோம். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கிச் சொன்னார். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா துடித்துக்கொண்டே இருக்கிறதாம். அதனால் ரத்தம் அங்கே தேங்குமாம். தேங்கினால் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

“வாய்க்கால்ல தண்ணி ஓடாம நின்னா பாசி புடிக்கிற மாதிரிங்களா சார்?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

டாக்டருக்குச் சந்தோஷம். இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்கிற நோயாளி தினமுமா கிடைப்பார்?

இரண்டு மாத்திரைகள் கொடுத்தார். ஒன்று துடிப்பைக் கட்டுக்குள் வைக்க. இன்னொன்று ரத்தம் உறையாமல் இருக்க. இந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார். “இது வேலை செய்யுறது உங்களுக்குத் தெரியாது. போட்டா நல்லா இருக்குன்னு தோணாது. விட்டாலும் ஒண்ணும் ஆகலைன்னுதான் தோணும். அதனாலதான் எல்லாரும் நிறுத்திடுறாங்க. நீங்களா நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மறந்துட்டா, சேர்த்து ரெண்டாப் போடாம எனக்குப் போன் பண்ணிக் கேளுங்க. முட்டி வலி, இடுப்பு வலின்னு கடையில சொந்தமா மாத்திரை வாங்காதீங்க. நாட்டு மருந்து எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுச் சாப்பிடுங்க. மலம் கறுப்பாப் போனா, ஈறுல ரத்தம் நிக்காம வந்தா, தலையில அடிபட்டா உடனே வாங்க.”

நானும் கூடத்தான் இருந்தேன். பக்கவாதம் வந்தால் எப்படித் தெரியும் என்பதையும் டாக்டர் முகத்தை ஒரு பக்கம் இழுத்துக் காட்டி, ஒரு கையைத் தொங்கவிட்டு நடித்தே காட்டினார்.

மாப்பிள்ளை சொன்னபடி நடந்தார் என்றால் அப்படி நடந்தார். மாத்திரை நேரத்துக்குப் போனில் அலாரம். மருதம்பட்டைப் பொடியோடு வந்த சம்பந்தியை வாசலிலேயே மடக்கி, “டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தபோது பல் டாக்டரிடம் இந்த மாத்திரையை முதலில் காட்டினார். பல் டாக்டர் இதய டாக்டரோடு பேசினார். எப்போது நிறுத்த வேண்டும், எப்போது திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னபடி செய்தார். பல்லும் போனது, ஒரு குறையும் வரவில்லை.

எல்லாம் சரியாகச் செய்த ஒரு மனிதர். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இங்கே வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அவர் நல்லபடியாக எழுந்து வந்தால் வாயில் அலகு குத்திக் காவடி எடுப்பார் என்று. எடுப்பார்! வேண்டிக்கொண்டது இவள், வாயைத் திறக்க வேண்டியது அவர். நம் வீடுகளில் புருஷனுக்குச் சட்டை எடுப்பதற்குக்கூட அவரைக் கேட்போம். அவர் கன்னத்தில் கம்பி குத்த மட்டும் கேட்க மாட்டோம். எத்தனை வீடுகளில் பார்க்கிறேன் இதை.

மாப்பிள்ளை மறுத்தாரா? இல்லை. “நான் எழுந்து நடமாடுறது அவ வேண்டுதல்தாங்க்கா. செஞ்சுடணும்” என்றார். பக்தியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்கும் அந்த அம்மன்தான் அம்மன்.

சித்திரையில் திருவிழா. அதற்கு முன்னால் காப்புக் கட்டுவார்கள். கையில் காப்பு ஏறிவிட்டால் விரதம். மாப்பிள்ளை யோசித்திருக்கிறார். அலகு குத்தினால் ரத்தம் வரும். மாத்திரை போட்டால் ரத்தம் நிற்காது. பல் பிடுங்கியபோது நிறுத்தச் சொன்னார்கள் அல்லவா? ஆகவே அலகுக்கும் நிறுத்த வேண்டும்.

கணக்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள்! காப்புக் கட்டிய அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். துடிப்புக்கான மாத்திரையை விடவில்லை. அதைக் கர்ம சிரத்தையாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ரகசியமாக நிறுத்தினாரா? அதுவும் இல்லை. வசந்தாவுக்குத் தெரியும். அலகு குத்தும் பூசாரிக்குத் தெரியும். “நல்ல வேளை சொன்னீங்க, நிறுத்திட்டா கவலை இல்ல” என்று அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். விழாக் கமிட்டிக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். கடைக்கு உரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். பாதி ஊருக்குத் தெரிந்த ஒரு விஷயம், தஞ்சாவூரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது. டாக்டருக்கு.

ஏன் கேட்கவில்லை? இதை வசந்தா பிற்பாடு சொன்னாள். “கேட்டா டாக்டரு வேணாம்பாருக்கா. காப்புக் கட்டுன கையோட அம்மன் காரியத்துக்கு ஒருத்தர் வாயால வேணாம்னு கேக்கலாமா? அதான் அவரு போன் பண்ண எடுத்தப்ப நான் தடுத்துட்டேன்.”

போனைக் கையில் எடுத்திருக்கிறார், கவனியுங்கள். எடுத்துவிட்டு வைத்திருக்கிறார். பதில் தெரியாமல் கேட்காமல் இருப்பவர்கள் குறைவு. பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்துதான் முக்கால்வாசிப் பேர் டாக்டரிடம் கேட்பதில்லை. நீங்களும் நானும் சேர்த்திதான்.

கேட்டிருந்தால் டாக்டர் என்ன சொல்லியிருப்பார்? அதையும் அவரிடமே பிறகு கேட்டேன். “அலகு வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். காவடி மட்டும் எடுக்கட்டும்னு பூசாரிகிட்ட நானே பேசியிருப்பேன்மா” என்றார். அவ்வளவுதான். ஒரு போன்.

திருவிழா அன்று காலையில் நான் தஞ்சாவூரிலிருந்து போய்ச் சேர்ந்தேன். மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது. மேட்டூர் அணை மூடியிருக்கும் மாதம், ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காவடிக்காரர்கள் எல்லாரும் ஆற்றங்கரையில் போர் மோட்டார் போட்டு, ஓஸ் பைப்பில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தலில் நீர்மோர் கொடுக்கிற பெண்களோடு நின்றேன். மாப்பிள்ளை மஞ்சள் வேட்டி, மாலை, பட்டையாக விபூதி. என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பக்கமும் சரியாக இருந்த அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அலகு குத்துவதற்கு முன்னால் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். உடுக்கை சேர்ந்தது. கூட்டம் அவர்களைச் சுற்றி நெருக்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்: “வந்துருச்சு! உரக்கடைக்காரருக்கு அருள் வந்துருச்சு!”

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பம்பைக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடினார். நாலு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஏதோ சொன்னார், குழறியது, ஒன்றும் புரியவில்லை. சாமி பேசுவது எப்போதுதான் நமக்கு உடனே புரிந்திருக்கிறது?

“ஆத்தா, எம் மவனுக்கு விசா எப்ப வரும்?” என்று ஒரு அம்மா கேட்டார். “போர்ல உப்புத் தண்ணி வருது தாயி, ஒரு வழி சொல்லு” என்றார் ஒரு பெரியவர். வசந்தா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பரவசத்தில்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எச்சில் வழிந்தது. வலது கை சும்மா தொங்கியது. வலது காலைத் தரையில் இழுத்தார். டாக்டர் நடித்துக் காட்டினாரே, அப்படியே.

அருள் வந்தவர்களை நான் பார்க்காதவளா? அருள் வந்தால் உடம்பு முழுக்க ஆடும். பாதி உடம்புக்கு மட்டும் அம்மன் வருவாளா?

“இது அருள் இல்ல! ஸ்ட்ரோக்! தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!” என்று கத்தினேன். பம்பைச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? கேட்டவர்களும், “சத்தம் போடாதீங்கம்மா, சாமி கோவிச்சுக்கும். மலையேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். சாமி மலையேறச் சூடம் காட்ட வேண்டும் அல்லவா? ஒருவர் கட்டிச் சூடத்தைக் கொளுத்தி மாப்பிள்ளையின் வலது உள்ளங்கையில் வைத்தார்.

அவர் கையை இழுக்கவில்லை. சூடம் எரிந்தது. தோல் கருகியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“பாத்தீங்களா... சூடு தெரியல! சாமியேதான்!” என்று கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. உணர்ச்சி செத்துப்போன கை அது. அதைத்தான் எல்லாரும் கும்பிட்டார்கள்.

அப்புறம் அவர் சரிந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு போய்க் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்தார்கள். “சாமி எறங்குன ஒடம்பு. அசதியா இருக்கும். எழுப்பாதீங்க, தூங்கட்டும்.” நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். அது வந்தது, ஆனால் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. தெரு முழுக்கக் காவடி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீர் ஊற்றி, தீபாராதனை காட்டி, காவடி நகர்ந்தால்தானே வண்டி நகரும்? ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆள் கேட்டு மண்டபத்துக்கும் தெருவுக்கும் மத்தியானம் தாண்டும்வரை ஓடினேன். கடைசியில் தூக்க வந்தவர் யார் தெரியுமா? அலகு குத்தும் பூசாரி. அவருக்குத்தான் முதலில் பயம் வந்தது. “எனக்குத் தெரியலியேம்மா, எனக்குத் தெரியலியே” என்று புலம்பிக்கொண்டே ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி: “எப்ப ஆரம்பிச்சுது?” பம்பை அடிக்க ஆரம்பித்தபோது என்றேன். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், கடிகாரத்தைப் பார்த்தார். கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாம். ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் வந்தால்தான் போடலாமாம். “தாண்டிட்டீங்கம்மா.”

இரண்டாவது கேள்வி: “ரத்தம் உறையாம இருக்குறதுக்கு மாத்திரை சாப்பிடுறாரா?”

“சாப்பிடுவாரு சார். காப்புக் கட்டுனதுலேர்ந்து நிறுத்திட்டோம்” என்றாள் வசந்தா. “அலகு குத்துனா ரத்தம் வருமே சார். அதான் ஜாக்கிரதையா...”

ஜாக்கிரதையா என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். வசந்தா என்னைப் பார்த்தாள். என்னக்கா இது, நான் என்ன செஞ்சேன் என்று கேட்கிற பார்வை. எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடிக்கவும் முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சத்தம்தான் வருகிறது, எதற்கும் அதே சத்தம். ஊருக்கே எந்த மருந்தை எதோடு கலக்கலாம் என்று சொன்ன வாய். கடையை இப்போது வசந்தா பார்க்கிறாள். சந்தேகம் கேட்டு வருகிறவர்களை, “பாக்கெட்ல போட்டுருக்குறபடி அடிங்க” என்று அனுப்பிவிடுகிறாள்.

டாக்டர் சில நாள் கழித்து அந்த மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துக் கொடுத்தார். அதை வசந்தா ஒரு வேளைகூட விடுவதில்லை.

ஊர் என்ன சொல்கிறது? “அன்னைக்கு எறங்குனது பெரிய சக்தி. மனுச ஒடம்பு தாங்குமா? அதான் ஒரு பக்கத்தை எடுத்துக்கிட்டா.” இதைச் சொல்கிறவர்களில் பட்டதாரிகள் உண்டு. சாஃப்ட்வேர் உண்டு. மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்று நானும் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன். தலையாட்டுவார்கள். “அதுவும் ஒரு காரணந்தான்” என்பார்கள். அதுவுமாம்!

நான் சண்டை போட்ட அந்தக் கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அம்மா வந்தார். கையில் எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு. பக்கத்து ஊர். உறவும் இல்லை, கடை வாடிக்கையும் இல்லை. நேராக மாப்பிள்ளை கட்டிலுக்குப் போய், எலுமிச்சம்பழத்தை அவர் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“பொண்ணுக்கு வரன் தட்டிக்கிட்டே போவுது சாமி. ஒரு வாக்குச் சொல்லுங்க.”

சாமி!

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். அந்த ஒரே சத்தம் வந்தது. பிறகு இடது கையை மெதுவாக உயர்த்தினார். எழுந்து போ என்கிறார். எனக்குத் தெரியும், வசந்தாவுக்குத் தெரியும். கண்ணில் அவ்வளவு கோபம், அவ்வளவு அவமானம். அந்த அம்மாவோ உயர்ந்த கைக்குக் கீழே தலையைக் கொடுத்து, கண்ணை மூடி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார்.

“போதும் சாமி, இது போதும்” என்று சந்தோஷமாகப் போய்விட்டார். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வசந்தா எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொல்லையில் வீசிவிட்டு வந்து, அவர் காலைப் பிடித்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் ஆகிவிட்டால்... அந்தக் கட்டிலைத் தேடி இன்னும் நாலு பேர் எலுமிச்சம்பழத்தோடு வருவார்களே!